தாயிடம் சொல்லலாகாது என்பார்க்கு

பாறசாலை, காரக்கோணம், நெய்யாற்றின்கரை என்று களியக்காவிளைச் சந்தைக்கு வடக்கும் மேற்குமாக விரிந்து கிடக்கும் எங்கள் கேரள எல்லை ஊர்களில், வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாகப் பேசி வாழும் குடும்பங்களுக்குள்ளே, மாதம் நிறையுமுன் பிறந்துவிட்ட ஒரு சிசு ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது, அதற்கு நேரக்கூடிய பெரிய வியாதிகளைப் பற்றி அதன் தாயிடம் வாய் திறக்கலாகாது என்பது, எழுத்தறியாத பாட்டிமார் முதல் பட்டம் பெற்ற வைத்தியர் வரை ஏகமனதாக அங்கீகரித்த ஒரு தர்மமாகவே இருந்து வருகிறது. "அவகிட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாண்டாம் மக்களே, கேட்டா பால் வத்திப் போவும்" என்று மாமியார் மகனிடம் சொல்கிறாள்; மகன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கேட்டதையெல்லாம் விழுங்கிக்கொண்டு மனைவியிடம் போய், "பிள்ளைக்குச் சொகந்தான்" என்கிறான்; வைத்தியரும், சொன்னால் புரியாது, பயம் ஒன்றுதான் மிஞ்சும் என்று தகப்பனிடம் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார். இவர்களில் எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எனினும் இந்த அபிப்பிராயம் அடியோடு பிழையானது, சிசுவின் உயிருக்கே கேடு செய்வது என்பதுதான் என் கட்சி.

நான் மனத்தில் கொண்டு பேசும் வியாதி, நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ் என்று வைத்திய நூல்களிலும், என்.ஈ.சி. என்று ஆஸ்பத்திரிப் பேச்சிலும் வழங்குவது. கர்ப்பத்தில் 32 வாரம் நிறையுமுன், 1500 கிராமுக்கும் குறைந்த எடையோடு பிறக்கும் சிசுக்களையே இது பெரும்பாலும் பற்றுகிறது. அத்தகைய சிசுக்களில் 100க்கு 5 முதல் 10 வரை இதற்கு ஆளாகின்றன என்பதும், ஆளானவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று மாண்டு போகிறது என்பதும் பல தேசத்து வைத்தியசாலைகளின் அனுபவம். பூசி ஈரம் காயாத மண்சுவர் இடவப்பாதி மழையின் முதல் அடிக்கே கரைவது போல, முதிராத குடலின் மெல்லிய உட்பூச்சு, அங்கே புதிதாகக் குடியேறும் கிருமிகளின் முன்னே நிற்க மாட்டாமற் போகிறது. அக்கிருமிகளை எதிர்த்து உடல் அளவு கடந்து கொதித்தெழ, இரத்த ஓட்டம் குன்றி, குடற்சுவர் புண்பட்டு, அழுகி, சில வேளை ஓட்டையும் விழுகிறது. இதற்கு இன்னதே காரணம் என்று ஒன்றைச் சுட்ட இயலாது. ஆனால் தாய் தின்ற பலாச்சுளையோ, குளித்த தண்ணீரோ, பட்சிதோஷமோ காரணம் அல்ல என்று திண்ணமாகச் சொல்ல இயலும்.

இவ்வியாதியின் குரூரம் அது வரும் காலத்தில் இருக்கிறது. மிக முந்திப் பிறந்த சிசுவை இது பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் தாக்குகிறது. அதற்குள் மூச்சுக் கருவி எடுக்கப்பட்டிருக்கும், பால் ஏறத் தொடங்கியிருக்கும், எடை கூடியிருக்கும். வீட்டிலே இருபத்தெட்டுக் கெட்டுக்கு, அதாவது இருபத்தெட்டாம் நாள் சடங்குக்கு, அரைஞாண் வாங்கவேண்டும் என்ற பேச்சும் எழுந்திருக்கும். அந்த வேளையில்தான் சிசுவின் வயிறு பளபளவென்று ஊதுகிறது. வாய்வழியே இரைப்பைக்குள் இறக்கிய மெல்லிய குழாயில், முன்பு ஊட்டிய பால் பச்சை நிறப் பித்தம் கலந்து திரும்பி வருகிறது. துணியில் இரத்தம் கலந்த மலம் காண்கிறது. மூச்சு நின்று நின்று வருகிறது. 1978இல் மார்ட்டின் பெல் என்னும் அறுவை வைத்தியரும் அவருடைய சகாக்களும் இவ்வியாதியைச் சந்தேகம், நிச்சயம், முற்றல் என்ற மூன்று படியாக வகுத்தார்கள். முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே சில வேளைகளில் ஒரு பகலோ ஓர் இரவோதான் கிடைக்கிறது. அந்த ஒரு பகலில், குடல் என்றால் என்ன, அது ஏன் அழுகும், ஏன் அறுக்கவேண்டும் என்று புதிதாகப் பாடம் நடத்த எந்த வைத்தியராலும் ஆகாது. நடுநடுங்கி நிற்கும் தகப்பனால் அதைக் கேட்டுக்கொள்ளவும் ஆகாது. ஆகவே, வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது, நடைமுறையில் ஒருபோதும் சொல்வதில்லை என்பதாகவே முடிகிறது.

இனி, அவர்களுடைய பிரதான யுக்தியாகிய பால் வற்றிப்போகும் என்பதை எடுத்துக்கொள்வோம். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. ஏனெனில் பெரியவர்கள் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள். திடீரென்று திகிலடைந்த தாய்க்குப் பால் இறங்குவது சற்று நேரம் தடைப்படுவது உண்மை. ஆனால் பால் இறங்குவது வேறு, பால் ஊறுவது வேறு. ஊறுவது மார்பிலிருந்து எத்தனை முறை பால் எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. சிசு மார்பில் சப்ப இயலாத நிலையில், பிரசவமான சில மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்கி, பகலும் இரவுமாக நாளொன்றுக்கு 8 தடவையாவது எடுத்து வந்தால்தான் ஊற்று நிலைக்கும். தையல் காயாத வயிற்றோடு, பிள்ளை அருகில் இல்லாத கட்டிலில், இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கிண்ணத்தின் அடியைக்கூட நனைக்காத மஞ்சள் நிறச் சீம்பாலைச் சொட்டுச் சொட்டாக ஒரு பெண் எடுக்கவேண்டுமானால், அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டாமா? ஒன்றும் தெரியாதவள், "இதென்ன, ரெண்டு சொட்டு, இதுக்கா இந்தப் பாடு" என்று மூன்றாம் நாளே விட்டுவிடுகிறாள். அவளுடைய பால் அன்றைக்குத்தான் வற்றுகிறது.

அந்த இரண்டு சொட்டின் மதிப்பு என்ன? 1990இல் லூகாஸ், கோல் என்னும் இருவர் இங்கிலாந்தில் முந்திப் பிறந்த 926 சிசுக்களை ஆராய்ந்து வெளியிட்ட பிரசித்தமான ஆய்வில், புட்டிப்பால் மட்டுமே பெற்ற சிசுக்களுக்கு, தாய்ப்பால் மட்டுமே பெற்றவற்றைக் காட்டிலும் இவ்வியாதி 6 முதல் 10 மடங்கு மிகுதியாக வந்தது கண்டார்கள். தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்திகளும், குடலில் நல்ல கிருமிகளை வளர்க்கும் சர்க்கரை வகைகளும், உட்பூச்சை முதிரச் செய்யும் பொருள்களும் எந்த மாவிலும் முழுமையாகக் கரைத்துத் தரக்கூடியவை அல்ல. ஆக, இந்த வியாதிக்கு எதிராக இன்று கையிலுள்ள மிகச் சிறந்த காவல் மருந்தைச் சுரப்பவள் எவளோ, அவளிடமே அந்த வியாதியின் பெயரை மறைக்கிறோம். பிரசவத்துக்கு முன்பே இந்த அநியாயம் தொடங்கிவிடுகிறது. குறைமாதத்தில் வலி கண்ட கர்ப்பிணிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, சிசுவின் நுரையீரலுக்குச் செய்யும் நன்மை பலரும் அறிந்ததே. அது இந்தக் குடல் வியாதியையும் குறைக்கிறது. குறைமாதப் பிரசவத்தின் அபாயங்களைக் கேள்விப்பட்டிராத பெண், வலியைச் சூட்டுவலி என்று வெந்நீரில் தீர்த்துக்கொண்டு, ஊசிக்கு வேண்டிய பொழுதை வீட்டிலேயே கழித்துவிடுகிறாள்.

இரண்டாவது, புரியாது என்ற ஆட்சேபம். இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தம் மிகுகிறது. இவ்வூர் ஜனங்கள் வயிற்றை அறுத்துப் புண்ணை அகற்றும் வித்தையை நூறு வருஷமாக அறிந்தவர்கள். எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் சென்ற ஹோவர்ட் சாமர்வெல், 1920களில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கிய காலத்தில், குடற்புண்ணால் துடித்த எத்தனையோ உழவர்களையும் பனையேறிகளையும் அறுவையால் பிழைக்க வைத்தார். அவருடைய பெயரைத் தாங்கிய வைத்தியக் கல்லூரி இன்று காரக்கோணத்தில் நிற்கிறது. தன் பாட்டனுக்கு நெய்யூரில் குடலை வெட்டி ஒட்டினார்கள் என்று பெருமையாகச் சொல்லும் குடும்பத்தாருக்கு, பிள்ளையின் குடலில் புண் வரக்கூடும் என்பது புரியாதா? புரியாமல் இருப்பதற்குக் காரணம் அவர்களுடைய அறிவில் இல்லை, நாம் சொல்லும் பாஷையில் இருக்கிறது. 1956 நவம்பர் முதல் தேதி விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. அந்த அரசியல் வழக்கை இங்கே மீண்டும் திறக்க நான் வரவில்லை. ஆனால் அதன் விளைவாக, சந்தையில் மீன் வாங்கப் போதுமான மலையாளம் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண், வடமொழிச் சொல் மலிந்த ஏட்டு மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட சம்மதப் பத்திரத்தின் முன்னே ஊமையாகிறாள். கேரளத்தின் 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கு அரசாங்கத்தோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையைத் தந்திருக்கிறது. பட்டாவுக்கு மனு எழுத உதவும் அந்தப் பாஷை, பிள்ளையின் உயிரைப் பற்றிய சேதிக்கு உதவலாகாதா?

பயத்தை முன்னிட்டு மறைப்பது வைத்திய தர்மமே என்று வாதிப்போரும் உண்டு. ஒரு காலத்தில் உலகெங்கும் புற்றுநோய் விஷயத்தில் இதே வாதம் கோலோச்சியது. 1961இல் அமெரிக்காவில் டொனால்ட் ஓக்கன் வைத்தியர்களைக் கேட்டபோது, 100க்கு 90 பேர் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அதே வினாவை மீண்டும் கேட்டபோது 100க்கு 97 பேர் சொல்லிவிடுவதே முறை என்றார்கள். பதினெட்டு வருஷத்தில் மனிதருடைய நெஞ்சுரம் கூடிவிடவில்லை. மறைப்பவர்களின் நம்பிக்கைதான் அனுபவத்தின் முன்னே உடைந்தது. நம் தேசத்திலும் 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோஹ்லி வழக்கில், போதிய விவரம் தராமல் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலேயே, எங்கோ அபூர்வமாக நேரக்கூடியதைச் சொல்லி நோயாளியைக் கலங்கடிக்க வேண்டியதில்லை என்றும் இருக்கிறதே என்று மறுபட்சத்தார் எடுத்துக்காட்டலாம். இருக்கிறது; ஆனால் பத்துச் சிசுவில் ஒன்றுக்கோ இருபதில் ஒன்றுக்கோ வருவது எந்தக் கணக்கில் அபூர்வம்?

மேலும், சொல்லாமையால் பயம் இல்லாமற் போவதாகக் கருதுவது பெரும் மயக்கம். தாய் மனம் வெற்றிடமாக இருப்பதில்லை. புருஷன் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும், நர்ஸ் பேச்சை மாற்றுவதையும், மாமியார் அம்மனுக்கு நேர்ந்துகொள்வதையும் அல்லது பாதிரியாரை அழைத்து ஜெபிக்கச் சொல்வதையும் அவள் கண்டுகொண்டுதான் இருக்கிறாள். உண்மை சொல்லப்படாத இடத்தைக் கற்பனை நிரப்புகிறது. நம் ஊர்களில் அந்தக் கற்பனை பெரும்பாலும் தாய்மீதே குற்றமாக வந்து விழுகிறது. அவள் கர்ப்பத்தில் பட்டினி கிடந்தாள், அவள் பால் கெட்ட பால், அவள் ஜாதகம் அப்படி, எட்டாம் மாதப் பிள்ளை எங்கே தங்கும் என்றெல்லாம் பேச்சு எழும்போது, இது இன்ன வியாதி, எந்தத் தாயின் பிள்ளைக்கும் வரக்கூடியது, உன்னால் வந்ததன்று என்ற நாலு வார்த்தையை முன்கூட்டியே வைத்தியர் வாயால் அந்தக் குடும்பம் முழுவதும் கேட்டிருக்குமானால், அவளை அது எத்தனை வருஷங்களுக்குக் காப்பாற்றியிருக்கும்!

அறியாமையின் கேடு மிகத் தெளிவாக வெளிப்படுவது சிகிச்சை தொடங்கும் வேளையில். இவ்வியாதி என்று சந்தேகம் வந்த கணமே வைத்தியர் செய்யும் முதற் காரியம், பாலை நிறுத்துவது. குடலுக்கு ஓய்வு வேண்டும். இரைப்பையில் சேர்ந்த காற்றையும் நீரையும் குழாய் வழியே வெளியே எடுக்க வேண்டும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ இரத்தக் குழாய் வழியாகவே போஷணையும், கிருமிகளுக்கு எதிரான மருந்தும் போகவேண்டும். ஒன்றும் சொல்லப்படாத குடும்பத்தின் கண்ணுக்கு இது எப்படித் தோன்றும்? கையகலப் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்கிறார்கள் என்றே தோன்றும். அதன்மேல் சண்டை எழுகிறது. இரவோடு இரவாகக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை வேறிடத்துக்குத் தூக்கிப் போவதும் நடக்கிறது. அல்லது, இரக்கம் மிகுந்த ஒரு பாட்டி, பார்வை நேரத்தில் யாரும் காணாமல் பொன்னும் வயம்பும் தேனில் உரைத்து அந்த நாவில் தொட்டு வைத்துவிடுகிறாள். அவளை வைவதற்கு எனக்கு மனம் வரவில்லை; அவளுக்கு யார் சொன்னார்கள்? குடல் ஓட்டைவிழுந்து அறுவை நேர்ந்த பிறகோ, வயிற்றின் மேலே சிவந்து ஈரமாகத் துருத்தி நிற்கும் குடலின் முனையைத் தாய் முதன்முதலாகக் காண்கிறாள். பல சிசுக்களுக்கு அது தற்காலிகமானதே, சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டும் உள்ளே இணைக்கப்படும் என்று முன்னறிந்தவள் அழுவாள், பிறகு அதைத் துடைக்கக் கற்றுக்கொள்வாள். முன்னறியாதவள் பிள்ளையைத் தொடவே அஞ்சுகிறாள்.

ஓர் ஆட்சேபம் மட்டும் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தாய்ப்பால் காக்கும் என்று உரக்கச் சொன்னால், பால் சுரக்காத தாய் தன்னையே கொலைகாரியாக நினைத்துக்கொள்ள மாட்டாளா? இது நியாயமான கவலை. இதற்குப் பரிகாரம் முழு உண்மையைச் சொல்வதே. தாய்ப்பால் மட்டுமே குடித்த சிசுவுக்கும் இவ்வியாதி வருகிறது, புட்டிப்பால் குடித்த பெரும்பாலான சிசுக்கள் தப்பிவிடுகின்றன, பால் அபாயத்தைக் குறைக்கிறதே ஒழிய அறவே நீக்குவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதோடு, தன் பால் போதாதபோது பிற தாய்மார் தானமாகத் தந்து, பரிசோதித்து, சூடேற்றிக் கிருமி நீக்கிய பால் உண்டென்றும் சொல்ல வேண்டும். ஆசியாவிலேயே முதலாவதான தாய்ப்பால் வங்கி 1989இல் பம்பாயின் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் ஏற்பட்டது. சென்னை எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு 2014இலும், கேரளத்தில் முதன்முதலாக எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு 2021இலும் அத்தகைய வங்கிகள் வந்தன. இது எங்கே கிடைக்கும் என்று கேட்கவேண்டுமானால்கூட, இது வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும்.

கேரளத்தில்தான் சிசு மரணம் குறைந்துவிட்டதே, இந்தக் கவலை எதற்கு என்பாரும் உளர். 2020ஆம் வருஷக் கணக்குப்படி தேசம் முழுவதும் ஆயிரத்துக்கு 28 ஆக இருந்த சிசு மரணம் இங்கே 6தான். அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கொண்டுபோன சிசுக்களைக் காப்பாற்றிய பிறகு மிஞ்சி நிற்பதில் பெரும்பங்கு, மாதம் நிறையாமற் பிறந்தவற்றின் மரணமே. 800 கிராம் சிசுவையும் மூச்சுவிட வைக்கும் சாமர்த்தியம் வளர வளர, இக்குடல் வியாதிக்கு இலக்காகும் சிசுக்களின் தொகையும் வளர்கிறது.

இதையெல்லாம் சொல்ல ஆஸ்பத்திரியில் நேரமில்லை என்பார்க்கும் ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்து எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியையே தெற்கே எல்லை வரையிலும் உள்ள ஏழைக் குடும்பங்கள் நம்பியிருக்கின்றன; அத்தகைய பெரிய ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்களின் பாடு நான் அறியாததன்று. ஆனால் 1979இல் எஸ்டோனியாவின் தாலினில், நர்ஸ்கள் போதாத நெருக்கடியில்தான், ஆடிக் லெவின் என்னும் வைத்தியர் தாய்மாரை உள்ளே அழைத்துக் குறைமாதச் சிசுக்களின் பராமரிப்பை அவர்கள் கையில் ஒப்படைத்தார். நம் மத்திய சர்க்காரின் சுகாதார அமைச்சகமே 2017இல், சிசுப் பிரிவுகளில் பெற்றோருக்குப் பயிற்சி தந்து பராமரிப்பில் பங்கு கொடுக்கவேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. நாள்தோறும் ஒரே வயிற்றைப் பார்க்கும் தாய், பத்து வயிற்றைப் பார்க்கும் நர்ஸைவிட முந்தியே, "இன்னிக்கு என்னமோ வயறு வேற மாதிரி இருக்கு அக்கா" என்று சொல்லக்கூடியவள். எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால், அவள் நர்ஸின் வேலையைக் குறைப்பாள்.

இவ்வளவு வாதத்தையும் ஏற்காதவர்கள், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியபின் நடப்பதையாவது எண்ணிப் பார்க்கட்டும். பிழைத்த சிசுக்களில் ஒரு பகுதிக்கு, புண் ஆறிய இடத்தில் குடல் சுருங்கி அடைபட்டுப்போவது உண்டு. அது பெரும்பாலும் சில வாரங்கள் கழிந்து, வீட்டில் இருக்கும்போதே வெளிப்படுகிறது. குடலில் நெடும்பகுதி அறுக்கப்பட்ட சிசுவுக்கோ சத்து ஒட்டாமல் எடை நிற்கும். அன்று தாழ்வாரத்தில் சேதி கேட்ட தகப்பன் வேலைக்கு வெளியூர் போயிருப்பான். வைத்தியர் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார். வயிறு ஊதிப் பச்சையாகக் கக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கிரைப் வாட்டர் கொடுப்பதா, ஓதிக் கயிறு கட்டுவதா, வண்டி பிடிப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவள், இத்தனை நாளும் எவரும் ஒன்றும் சொல்லாத அந்தப் பெண்தான். வயிறு ஊதுதல், பச்சை வாந்தி, மலம் நின்றுபோதல் அல்லது மலத்தில் இரத்தம், இவற்றில் ஒன்று கண்டாலும் ஊட்டுவதை நிறுத்தி உடனே அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிய தாள் ஒன்று அவளுக்கு வேண்டும். அதைத் தமிழில் அச்சிட்டு, வீடு திரும்பும் நாள்வரை காத்திராமல், சிசு உள்ளே சேர்ந்த முதல் வாரத்திலேயே தாய், தகப்பன், பாட்டி மூவரையும் உட்காரவைத்து, ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும் என்று எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள ஆஸ்பத்திரிகள் அனைத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.